வேய்ன் டீபோவின் 'கேக்குகள்' ஓவியம்: கருப்பொருள் நோக்கில் ஒரு வாசிப்பு

அன்றாட உணவைப் பொருளாகக் கொண்ட பாப் கலை ஓவியங்கள் வணிகப் பண்பாட்டின் விளம்பரப் படிகளே என்னும் கருத்து தமிழ்க் கலைத் திறனாய்வில் எளிதாகச் சொல்லப்படுகிறது. ஆண்டி வார்ஹோல் 1962இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஃபெரஸ் கூடத்தில் காட்சிப்படுத்திய 32 சூப் டின் ஓவியங்களுக்கு அக்கருத்து ஓரளவு பொருந்தலாம். அவை கடை அலமாரியில் டின்களை அடுக்குவதுபோலவே அங்கு வரிசையாக வைக்கப்பட்டன. ஆனால் வேய்ன் டீபோவின் (1920–2021) 'கேக்குகள்' (1963) அவ்வகையில் அடங்காது. டீபோவும் தம்மைப் பாப் கலைஞர் என்று அழைப்பதை முழுமையாக ஏற்றவரல்லர்.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள இவ்வோவியம் ஏறத்தாழ 152 செ.மீ. உயரமும் 183 செ.மீ. அகலமும் உடையது. வெளிர்ந்த வெற்றுப் பரப்பில் 13 கேக்குகள், ஒவ்வொன்றும் தனித்தனித் தாங்கியின்மேல் நிற்கின்றன. ஒன்று இதய வடிவினது, சில வெட்டப்பட்டுள்ளன. எண்ணெய் வண்ணம் மிகத் தடிப்பாகப் பூசப்பட்டுள்ளதால், கேக்கின் மேற்பூச்சை வரைந்த வண்ணமே மேற்பூச்சாக மாறிவிடுகிறது. பொருள்களின் விளிம்புகளில் பல நிறக் கோடுகள் மெல்ல ஒளிர்கின்றன. நிழல்கள் கருமையாக அன்றி நீலமாக விழுகின்றன. டீபோ கேக்குகளை எதிரே வைத்து வரையவில்லை, நினைவிலிருந்தே வரைந்தார். இளமையில் உணவகத்தில் வேலை செய்தவர், விளம்பரப் பலகை எழுதியவர் என்பதை இங்கு நினைக்க வேண்டும்.

தொல்காப்பியம் உணவைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தினையையும் முல்லைக்கு வரகையும் மருதத்திற்கு நெல்லையும் காட்டுவர். அங்கே உணவைச் சொன்னால் நிலம் தானே தெரியவரும். டீபோவின் ஓவியத்தில் கருப்பொருள் மட்டுமே உள்ளது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் நீக்கப்பட்டுள்ளன. பழைய டச்சு நிலைப்பொருள் ஓவியங்களில் மேசையும் கத்தியும் பாதி உரித்த எலுமிச்சையும் உண்பவர் ஒருவரைச் சுட்டும். இங்கு உண்பவர் இல்லை. வெட்டப்பட்ட துண்டை எடுத்த கையும் தெரிவதில்லை. எட்டாத பொருளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நோக்கும் ஏக்கத்தைப் பார்ப்பவரே கொண்டுவர வேண்டியுள்ளது. இதனைப் 'பாலை' என்று பெயரிட ஆய்வாளர்க்குத் தோன்றலாம்; அது மிகை. பாலைக்குப் பிரிந்து செல்லும் ஒருவர் வேண்டும். இங்கோ எவரும் இருந்ததற்கே தடயமில்லை.

இவ்வாசிப்பு சேலம், நாமக்கல் சமவெளியின் உணவுப்பொருள்களைக் காணவும் துணைசெய்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சேலத்தில் வேரூன்றிய ஜவ்வரிசித் தொழில், தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளிக் கிழங்கை ஒரே அளவிலான வெண்மணிகளாக்குகிறது. நாமக்கல் முட்டையோ 30 குழிகள் கொண்ட அட்டையில் வரிசை பிசகாமல் அமர்கிறது. கோழிகளின் தீவனத்திற்கான மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வருபவை. சுவையைக் கொண்டு இம்முட்டையின் ஊரைச் சொல்ல இயலாது. இவ்வட்டையை வரையும் உள்ளூர் ஓவியர் டீபோவைப் பின்பற்றினாலும் முற்றிலும் அவர் வழியில் செல்ல முடியாது. டீபோவின் கேக்குக்கு ஊர்ப்பெயர் இல்லை. முட்டைக்கோ தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்திற்கென அறிவிக்கும் விலை உண்டு. அவ்விலை தமிழ்நாட்டின் மளிகைக் கடைகள் வரை ஊரின் பெயரோடு செல்கிறது. மண்ணிலிருந்து விடுபட்ட உணவில் நிலம் விலையாக எஞ்சுகிறது. வெள்ளை வண்ணத்தால் மட்டும் அதை வரைந்துவிட முடியாது. அட்டையின் ஓரத்தில் அன்றைய விலையும் எழுதப்பட வேண்டியிருக்கும்.