கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பும் இழப்பீடும்

கட்டுமானத் தளங்களில் உயிரைப் பறிக்கும் விபத்துகள் பெரும்பாலும் நான்கு வகை: உயரத்திலிருந்து விழுதல், மண் சரிந்து மூடுதல், மின்சாரம் தாக்குதல், மேலிருந்து விழும் பொருளுக்கு அடியில் நசுங்குதல். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தது கடைசி வகை. அங்கே எந்த ஹெல்மெட்டும் உதவியிருக்காது.

ஆகவே ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புத் திட்டம் மண் பரிசோதனையிலும் வரைபடத்திலும் தொடங்க வேண்டும். தளத்தில் ஆபத்தையே நீக்குவது முதல் வேலை. நீக்க முடியாததைத் தடுப்பு வைத்து மறிப்பது அடுத்தது. பெல்ட்டும் ஹெல்மெட்டும் அதற்கும் பிறகுதான். நடைமுறையில் இந்த வரிசை பல தளங்களில் தலைகீழாக இருக்கிறது: லிப்ட் குழியைச் சுற்றித் தடுப்பு இருக்காது, சித்தாள் தலையில் ஹெல்மெட் இருக்கும், அதுவும் அதிகாரி வரும் நாளில். 1.5 மீட்டரைத் தாண்டும் பள்ளத்தின் பக்கங்களுக்குப் பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் அளவுக்குக் கனக்கும். மார்பு வரை மூடினாலே மூச்சு முட்டிவிடும். தற்காலிக மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி தேவை. மழைக்கும் காற்றுக்கும் பின் சாரத்தைப் பார்வையிட்ட பிறகே ஆள் ஏற வேண்டும். பார்வையிடுபவர் யார் என்பது திட்டத்தில் பெயரோடு இருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 250 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கட்டுமானத்துக்குப் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்குகிறது. உயிராபத்து நெருங்குவதாகத் தோன்றினால் முதலாளியிடம் சொல்லி, அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிப்பது தொழிலாளியின் உரிமை. நிறுவனம் கடமை தவறி உயிர் போனால் 2 ஆண்டு வரை சிறை, குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இ.எஸ்.ஐ. காப்பில் இல்லாத தொழிலாளி வேலையில் இறந்தால், மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படும். 30 வயதுக்கு அந்த எண் 207.98, கூலி 15,000 ரூபாய் என்றால் 15,59,850 ரூபாய் வரும். ‘ஆள் மேஸ்திரியுடையவர்’ என்று சொல்லி நிறுவனம் ஒதுங்க முடியாது. முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ‘பெல்ட் போடாமல் ஏறினார்’ என்ற வாதமும் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் செல்லாது. விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும்.

மரணத்துக்கான தொகையை அந்த அதிகாரியிடமே கட்ட வேண்டும். ஊருக்கு உடலை அனுப்பும் அவசரத்தில், வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தின் கையில் கொடுக்கும் பணம் சட்டப்படி இழப்பீடு ஆகாது. மூன்று மாதக் கூலி அளவுக்கு மட்டும் முன்பணமாகக் கழிக்கப்படும். மீதியைக் கேட்கும் உரிமை குடும்பத்துக்கு அப்படியே இருக்கிறது.