கன்னியாகுமரி மாவட்டப் பெயரிடல் மரபு

கன்னியாகுமரி மாவட்டப் பெயரிடல் மரபு என்பது நாஞ்சில் நாடு உள்ளிட்ட இம்மாவட்டத்தில் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தையும், அப்பெயர் பள்ளியில் பதியப்படும் முறையையும் குறிக்கும். தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் பொதுவாக இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக (இனிசியல்) வரும். வெளிநாட்டில் குடியேறியோரின் குழந்தைகள் அங்கு பள்ளியில் சேரும்போது இவ்வழக்கம் சிக்கலுக்கு உள்ளாகிறது.

பெயரின் அமைப்பு

முன்னெழுத்து ஒன்றாயின் அது தந்தையின் பெயரைக் குறிக்கும். இரண்டாயின் முதலாவது பெரும்பாலும் ஊரைச் சுட்டும். நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனின் பெயரில் முதலெழுத்து நாகர்கோவிலையும், இரண்டாவது அவருடைய தந்தை சுடலைமுத்துவையும் குறிக்கின்றன. திருமணத்திற்குப் பின் கணவரின் முன்னெழுத்தை ஏற்கும் பெண்களும் உள்ளனர்.

பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடுவது பழைய வழக்கம். 'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபாகும். தாணுமாலயன், நாகராஜன், சுடலைமுத்து, இசக்கியம்மாள் முதலியவை இப்பகுதித் தெய்வங்களின் வழி வந்த பெயர்கள். கிறித்தவக் குடும்பங்களில் திருமுழுக்குப் பெயர் ஒன்றும், வீட்டில் அழைக்கும் பெயர் மற்றொன்றுமாக இருப்பதுண்டு.

வரலாறு

திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் பெயர் சாதி நிலையைக் காட்டும் அடையாளமாகவும் இருந்தது. 1809ஆம் ஆண்டு இன்றைய சாமித்தோப்பில் பிறந்த அய்யா வைகுண்டருக்குப் பெற்றோர் இட்ட பெயர் 'முடிசூடும் பெருமாள்'. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைக்கு இப்பெயர் தகாது என உயர்சாதியினர் எதிர்த்ததால் அது 'முத்துக்குட்டி' என மாற்றப்பட்டதாக மரபு கூறுகிறது.

பெயரைத் தாமே மாற்றிக்கொண்டோரும் உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது 'பிள்ளை' என்னும் சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் இயற்பெயர் சொரிமுத்து. தனித்தமிழ் இயக்க ஈடுபாட்டால் சில காலம் 'உயிரின்பன்' என்ற பெயரைக் கொண்டிருந்தார்.

பள்ளிப் பதிவு

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் கீழ், குழந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவேட்டில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படும் பெயரே மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றிலும் தொடரும். பின்னாளில் பெயரை மாற்ற விரும்புவோர் அதனை அரசிதழில் வெளியிட வேண்டும். மாணவர்கள் தமிழிலேயே முன்னெழுத்து இடுவதை நடைமுறைப்படுத்தத் தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் அரசாணை வெளியிட்டது.

புலம்பெயர்ந்தோர் குழந்தைகள்

மேற்கு நாடுகளின் பள்ளிப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டைக் கேட்கின்றன. எடுத்துக்காட்டாக, முத்துக்கருப்பன் என்பவரின் மகள் ஊரில் 'மு. கயல்விழி', படிவத்தில் 'கயல்விழி முத்துக்கருப்பன்'. இடம் மாற்றி எழுதப்பட்டால் ஆசிரியர் அவளைத் தந்தையின் பெயரால் அழைக்க நேரும். ழகரம் பிற மொழியினருக்கு அரிது என்பதால் அப்பெயர் 'கயல்' எனச் சுருங்குவதும் உண்டு. ஒரே வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர் அமைவதால் விளக்கம் தர வேண்டிய நிலையும் ஏற்படுகிறது.

இங்கு எழுத்து மட்டுமன்றிப் பொருளும் மாறுகிறது. ஊரில் தந்தையின் பெயர் 'இன்னாரின் பிள்ளை' என்ற உறவைக் காட்டுகிறது. மகனின் பிள்ளைகளுக்கு அது தொடராது. குடும்பப் பெயராகிவிட்டால் அதுவே அடுத்த தலைமுறைக்கும் செல்லக்கூடும். சியாமளா கோபாலன் 1958இல் அமெரிக்கா சென்றபோது அவருடைய தந்தை கோபாலனின் பெயரே குடும்பப் பெயராக அமைந்தது. இவர் கமலா ஹாரிசின் தாயார் ஆவார். மலேசியாவில் தந்தையின் பெயருக்கு முன் 'மகன்', 'மகள்' எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் சேர்க்கப்படுவதால் உறவுப் பொருள் அழியாமல் நிற்கிறது.

கடவுச்சீட்டிலும் இச்சிக்கல் உள்ளது. ஒற்றைப் பெயர் மட்டும் உடையோருக்குச் சுற்றுலா நுழைவிசைவில் அனுமதியில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தையின் பெயர் இருந்தால் ஏற்கப்படும் எனப் பின்னர் தளர்த்தப்பட்டது. எனவே வெளிநாட்டில் வாழும் பெற்றோர் பலர், குழந்தையின் பிறப்புப் பதிவு முதலே முன்னெழுத்தை விடுத்துத் தந்தையின் பெயரை விரித்து எழுதுகின்றனர்.