கத்தரிக்காய் மேல் பழி போடாதீர்கள்

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் கீழே இறங்கியாக வேண்டும். வத்தலக்குண்டு, திண்டுக்கல், தேனி, மதுரை என்று எங்கோ ஓரிடத்தில் சிசேரியனோ குடலிறக்கமோ முடித்துக்கொண்டு, தையலோடு மலையேறி வருகிறார்கள். சில நாள் கழித்து அந்தத் தையல் சிவந்து, வீங்கி, சீழ் கசிய எங்களிடம் வருகிறது. ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், கூட வந்த மாமியாரிடம் பதில் தயாராக இருக்கும். "கத்தரிக்காய் தின்னுட்டா டாக்டர். சொன்னா கேக்கல."

தின்றிருக்கலாம். ஆனால் சீழ் வைப்பது கிருமி. பல சமயம் அது நோயாளியின் தோலிலேயே இருந்தது. சில சமயம் வேறு யாருடைய கையிலோ ஏறி அங்கே வந்தது. அந்தக் கை எங்களுடையதாகவும் இருக்கும்: மருத்துவர், செவிலியர், டிரெஸ்ஸிங் செய்பவர், ஆயா. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நம்மைப் போன்ற நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேர் அங்கேயே ஒரு புதுத் தொற்றை வாங்கிக்கொள்கிறார்கள். பணக்கார நாடுகளில் அது 7.

பத்தியமும் பூண்டும்

கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பருப்பு எதுவும் ஆகாது என்று பிள்ளை பெற்றவளுக்கு ரசச் சோற்றை மட்டும் போடுகிறார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டையையும் பருப்பையும் நிறுத்தினால் ஆறுவதுதான் தள்ளிப்போகும். இன்னொரு கெடுதலும் உண்டு. பழி சாப்பாட்டின் மேல் விழுந்துவிட்டால், தொட்ட கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. மருத்துவமனைக்கு இதைவிட வசதி வேறென்ன?

அடுத்தது கைவைத்தியம். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு என்று ஆளுக்கொன்றை அப்பிக்கொண்டு வருகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். அதற்காக அதை அரைத்துத் தையல் மேல் வைக்க வேண்டுமா? பச்சைப் பூண்டு விழுது தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும். சீழைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் அந்தப் பொசுங்கலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறகு மெடிக்கல் ஷாப். "சீழுக்கு ஒரு நாலு மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு, பெயர் கேட்டால் "செவப்பு கேப்சூல்" என்கிறார்கள். 2014 முதல் பல ஆன்டிபயாட்டிக்குகள் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுகிறார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் ஏன் வாங்குகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். உள்ளே சீழ் கட்டியிருந்தால் அதை வெளியே எடுப்பதுதான் வைத்தியம். நாலு கேப்சூல் காய்ச்சலைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது காட்டிக்கொள்ளலாம் என்று நீங்கள் காத்திருக்கும் நாட்களில் அது ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும்.

உடனே வந்தால், எந்தக் கிருமி என்று பார்க்கச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்புவோம், ரத்தத்தில் சர்க்கரையும் பார்ப்போம்.

வெள்ளைக் கோட்டு மூடநம்பிக்கைகள்

மாமியார்களைத் திட்டியாயிற்று. இனி என் தொழில்காரர்களிடம் பேச வேண்டும். அவர்களிடமும் கத்தரிக்காய்க் கதைகள் நிறைய உண்டு.

"கிளவுஸ் போட்டிருக்கேனே" என்பது முதல் கதை. அதே கிளவுஸோடு மூன்று கட்டிலுக்குப் போனால், முதல் கட்டிலின் கிருமி மூன்றாம் கட்டிலுக்கும் போகும். காப்பாற்றப்படுவது போட்டிருப்பவர் மட்டும். அதுவும் முழுதாக இல்லை: கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம், கழற்றும்போதும் கையில் ஒட்டும். போடுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

"பல்ஸ்தானே பார்த்தேன்" என்பது இரண்டாவது. புண்ணைத் தொட்டால்தான் கை அழுக்காகும் என்று யார் சொன்னது? நோயாளியின் நல்ல தோல், கட்டில் கம்பி, ட்ரிப்ஸ் ஸ்டாண்டு, ஃபைல், அத்தனைக்கும் நடுவில் எடுத்துப் பேசிய செல்போன், எல்லாவற்றிலும் கிருமி உண்டு.

"தொட்ட பிறகு கண்டிப்பா கழுவிடுவேன்" என்பதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஐந்து தருணங்களை வகுத்துச் சொன்னது. நோயாளியைத் தொடும் முன். ஊசி, டிரெஸ்ஸிங், கதீட்டர் போன்ற வேலைக்கு முன். ரத்தம், சீழ், சிறுநீர் பட்ட பின். நோயாளியைத் தொட்ட பின். அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். எந்த நாட்டில் கணக்கெடுத்தாலும் பெரும்பாலும் பின் என்று வருவதில் தேறுகிறோம், முன் என்று வருவதில் தோற்கிறோம். பின்னால் கழுவும்போது பெரும்பாலும் நம்மையும் அடுத்தவரையும் காத்துக்கொள்கிறோம். அந்தக் கட்டிலில் படுத்திருப்பவரைக் காப்பது முன்னால் கழுவுவதுதான். கண்காணிக்க ஒருவர் நிற்கும்போது எல்லோரும் ஒழுங்காகக் கழுவுகிறோம் என்பதும் உலகம் முழுக்கத் தெரிந்த கதை. ஆக, விஷயம் தெரியாமல் விடுவதில்லை.

"நேரமில்லை" என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. சோப்பு போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 நொடி ஆகும்; வார்டின் கோடியிலுள்ள வாஷ்பேசினுக்குப் போய்வரும் நேரம் தனி. கையில் தேய்க்கும் ஆல்கஹால் ஹேண்ட் ரப்புக்கு 20 முதல் 30 நொடி போதும், இடத்தை விட்டு நகர வேண்டாம். ஆனால் ஒரு வார்டு முழுவதையும் ஒற்றைச் சிஸ்டரிடம் விட்டுவிட்டு அவரைக் குறை சொல்லும் நிர்வாகத்தை நான் ஏற்கமாட்டேன்.

பெரிய டாக்டர்களுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. 1994-ல் ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனையில் எண்ணிப் பார்த்தார்கள். கை கழுவ வேண்டிய 100 தருணங்களில் செவிலியர்கள் 52-ல் கழுவினார்கள், மருத்துவர்கள் 30-ல். பேராசிரியர் டிடியே பிட்டே குழுவினர் கட்டிலுக்குக் கட்டில் ஹேண்ட் ரப் வைத்தார்கள், சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள், மேலிடத்தையும் கூட நிற்க வைத்தார்கள். 1997-ல் மொத்தக் கணக்கு 48-லிருந்து 66 சதவீதமானது. மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9-க்கு இறங்கியது. ரவுண்ட்ஸில் தலைமை மருத்துவர் கையைத் துடைக்காமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தால், பின்னால் வரும் பத்துப் பேரும் அப்படியே நகர்வார்கள்.

கோபம் புதிதல்ல

கையைக் குறை சொன்னால் என் தொழில்காரர்களுக்கு வரும் கோபம் பழையது. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணக்கூறாய்வு முடித்த கையோடு பிரசவ வார்டுக்கு வந்த மாணவர்களைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். பிரசவக் காய்ச்சல் சாவு வெகுவாகக் குறைந்தது. தங்கள் கையில் சாவு இருக்கிறது என்பதை சக மருத்துவர்களில் பலர் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். இங்கேயும் அப்படித்தான். 2010-ல் எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத கிருமிகளைப் பற்றி, சென்னை, ஹரியானா மாதிரிகளையும் வைத்து ஓர் ஆய்வு வந்தது. அந்த மருந்தெதிர்ப்பைத் தரும் நொதிக்குப் புதுதில்லியின் பெயர் வைத்ததற்காக இங்கே கொதித்தார்கள். நல்லவேளையாக 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி, மருந்தெதிர்ப்பைச் சமாளிக்கச் சென்னைப் பிரகடனம் கொண்டுவந்தன. அந்தக் கிருமிகளும் கை வழியாகத்தான் கட்டில் தாவுகின்றன. விலை உயர்ந்த ஊசிக்கு அடங்காதவை சாதாரண ஹேண்ட் ரப்பில் அரை நிமிடத்தில் செத்துப்போகும்.

மலைக் குளிர் ஒரு சாக்கா?

டிசம்பர், ஜனவரி விடியலில் நம்மூர்க் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். சிரமம்தான். ஆனால் வெந்நீர் வேண்டும் என்பதில்லை. அடிக்கடி வெந்நீர் பட்டால் தோல் இன்னும் வெடிக்கும். வெடித்த தோலில் ஹேண்ட் ரப் எரிந்தால் "அலர்ஜி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சோப்பையும் ரப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடாதீர்கள், வேலை முடிந்ததும் கிரீம் தடவுங்கள், எரிச்சல் குறையும். குளிரில் ரப் காயக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், காய்ந்த பிறகு கிளவுஸ் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு, ரத்தம், வயிற்றுப்போக்கு நோயாளி என்றால் மட்டும் சோப்பும் தண்ணீருமே வேண்டும்.

கும்பிட்டுக் கேட்கிறேன்

நல்லவர் குணம் வரட்டும் என்று பிறந்த குழந்தையின் வாயில் விரலை விட்டுச் சேனை வைக்காதீர்கள். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் விரல் விரல்தான். தொப்புள்கொடியில் எதையும் தடவ வேண்டாம், காயட்டும். நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலில் உட்காராதீர்கள், ட்யூபைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

தையலைத் தொட வருகிறவரிடம், "சிஸ்டர், கையைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டுத் தொடுங்க" என்று சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். மரியாதைக் குறைவாக நினைத்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறீர்கள்! முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மலைக்குத் திரும்பிய பிறகு காய்ச்சலோ, நாளுக்கு நாள் கூடும் வலியோ, கசிவோ இருந்தால் அன்றைக்கே அருகிலுள்ள மருத்துவரிடம் வாருங்கள். கையோடு ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் 30 நாளுக்குள் புண்ணில் வரும் தொற்று அவர்கள் கணக்கில் ஏற வேண்டும். நீங்கள் இங்கேயே எங்களிடம் ஆற்றிக்கொண்டு போய்விட்டால், எல்லாத் தையலும் நன்றாக ஆறியதாகவே அவர்கள் பதிவேடு சொல்லிக்கொண்டிருக்கும்.