உங்களுக்குத் தெரியுமா? பல் வேருக்குள் கடுக்காய்!

கல்வராயன் மலைவாசிகள் காட்டில் பொறுக்கி விற்கும் கடுக்காய், பல் வேர் சிகிச்சை ஆய்வுக்கூடம் வரை போயிருக்கிறது. வேர் சிகிச்சை செய்த பல்லிலும் மீண்டும் சீழ் வைக்கக் காரணமாகும் கிருமிகளில் ஒன்று ‘என்டிரோகாக்கஸ் ஃபீக்காலிஸ்’. மகா பிடிவாதக்காரக் கிருமி! வேர்க்குழாய்க்குள் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையின் கடுங்காரத்தைக்கூட, புரோட்டான்களை உள்ளே இழுத்து ஈடுகட்டித் தாக்குப்பிடிக்கும். 2010-இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், பிடுங்கிய பற்களில் வளர்த்த இக்கிருமிப் படலத்தைக் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா கணிசமாக அழித்தது. ஆனாலும் முதலிடம் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கே. துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பதும் அதுதான். ஒன்று முக்கியம்: கடுக்காய்ப் பொடியால் வாய் கொப்பளித்தால் வேருக்குள் இருக்கும் கிருமியை அது எட்டாது. வலியோ வீக்கமோ வந்தால் தள்ளிப்போடாமல் பல் டாக்டரிடம் போய்விடுங்கள்.