மேட்டில் அணைந்துபோகும் ஜீப்: காரணம் என்ன? செய்வது என்ன?

வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வண்டிக்கு எத்தனை வேலை! கொழுந்து ஏற்ற வேண்டும், உரம் இறக்க வேண்டும், மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட தாய்க்கும் சில வேளை அதே வண்டிதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் மேல் டிவிசன் லயத்துக்குப் போகும் கல் றோட்டில் எல்லா வண்டியும் ஏறாது. பிரதான பாதை வரைக்கும் நோயாளியைக் கொண்டுவந்து சேர்ப்பது தோட்டத்து ஜீப்பாகத்தான் இருக்கும். அந்த ஜீப் பாதி மேட்டில் "டக்" என்று அணைந்துபோனால் என்ன செய்வது? வண்டி ஓட்டும் சகோதரர்களும், வண்டியில் போகும் குடும்பத்தாரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பழைய வண்டி, நீண்ட ஆயுள்

லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948ஆம் ஆண்டு வெளிவந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் அது கால்பதித்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. இந்தியாவில் டார்ஜிலிங் மலையிலும் இதே கதைதான். மானேபஞ்சனிலிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் ஆட்களை ஏற்றிப் போய்ப் பேர் வாங்கின. அவற்றில் பலவற்றுக்குப் பிற்காலத்தில் வேறு டீசல் எஞ்சின் பூட்டினார்கள். கவனித்துப் பார்த்தால் பழைய வண்டியும் உழைக்கும் என்பதற்கு இது சாட்சி.

எஞ்சினுக்கு வேண்டியது மூன்று

பெற்றோல் எஞ்சினுக்குக் காற்று, பெற்றோல், தீப்பொறி ஆகிய மூன்றும் சரியான அளவில் சரியான நேரத்தில் கிடைக்க வேண்டும். காலை எடுத்ததும் எஞ்சின் மெதுவாகச் சும்மா ஓடுவதை கராஜில் 'ஐட்லிங்' என்பார்கள். அப்போது உள்ளே போகும் காற்றும் பெற்றோலும் மிகக் கொஞ்சம். ஆகவே சின்னக் குறைகூட அந்த நேரத்தில்தான் வெளியே தெரியும். ரேஸ் கொடுத்தால் நன்றாக ஓடும், காலை எடுத்தால் அணைஞ்சு போகும்.

நம்ம ஊர் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,850 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய அளவிலேயே பெற்றோலை விடும். காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிவிடும். பிளக் கறுக்கும், புகை கறுக்கும், ஐட்லிங் இறங்கும். கீழ்நாட்டில் டியூன் பண்ணிய வண்டி மேலே வந்து மூச்சு வாங்குவது இதனால்தான். எந்த உயரத்தில் வண்டி ஓடுகிறதோ அந்த உயரத்திலேயே டியூன் பண்ண வேண்டும்.

எப்போது அணைகிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

காலைப் பனிமூட்டத்தில் மட்டும் அணைந்து, சற்று நின்றபின் தானாகச் சரியானால், காபரேட்டரின் உள்ளே ஈரம் உறைந்திருக்கலாம். பெற்றோல் ஆவியாகும்போது காபரேட்டர் நன்றாகக் குளிர்ந்துவிடும். வண்டியைச் சூடாக்கிக்கொண்டு புறப்படுங்கள்.

மழையில் மட்டும் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயரிலும் ஈரம் ஏறியிருக்கும். காய்ந்த துணியால் துடைத்தாலே போதும். மூடியில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நன்றாகச் சூடேறிய பின் நின்று, அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆனால் கொயிலையோ கண்டென்சரையோ சந்தேகிக்கலாம்.

கடும் மேட்டில் மட்டும் நின்றால் தாங்கியில் எண்ணெய் குறைவாக இருந்து குழாய் காற்றை உறிஞ்சலாம். காபரேட்டர் கிண்ணத்தின் மிதவை மட்டம் தவறியும் இருக்கலாம்.

ஒழுங்காகத் தேடும் முறை

1. தாங்கி மூடி: வண்டி நின்றதும் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பின் எஞ்சின் ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. காசு செலவில்லாத வைத்தியம்.

2. பெற்றோலில் தண்ணீர்: பழைய லேண்ட் ரோவரில் பெற்றோல் பம்பின் கீழே கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதன் அடியில் தண்ணீர் முத்து முத்தாய்த் தங்கியிருந்தால் கழுவி, சல்லடையையும் சுத்தம் செய்யுங்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பலர் கேனில் எண்ணெய் சேர்த்து வைத்தார்கள். அப்படிக் கிடக்கும் பெற்றோலில் தண்ணீரும் துருவும் சேரும். நாளானால் பிசினும் பிடிக்கும். தாங்கியைப் பாதி காலியாக விட்டால் இரவுக் குளிரில் உள்ளே வியர்த்து நீர் சேரும்.

3. காற்றுக் கசிவு: காபரேட்டரின் அடியிலும் ரப்பர் குழாய்களிலும் வெடிப்பு இருந்தால் அளவில்லாத காற்று உள்ளே போகும். சவர்க்காரத் தண்ணீரைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சோதிப்பதற்கென்று சூடான எஞ்சினில் பெற்றோல் தெளிப்பது கூடவே கூடாது.

4. காபரேட்டர்: ஐட்லிங் ஓட்டத்துக்குத் தனியாக ஒரு சின்ன ஜெட் உண்டு. அது அடைபட்டால் ரேஸில் மட்டும்தான் எஞ்சின் ஓடும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும். ஸெனித் காபரேட்டர் பூட்டிய வண்டிகளில் மேல்பகுதி வளைவதும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நைந்துபோவதும் பழகிய நோய்.

5. தீப்பொறி: 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினில் பொயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி 0.75 முதல் 0.80 மில்லிமீற்றர். பற்றறி வயர் தளர்வாக இருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள்.

6. கடைசியில்தான் திருகாணி: எஞ்சின் நன்றாகச் சூடாகி, சொக் முழுதாக உள்ளே போனபின் கலவைத் திருகாணியை மெதுவாகத் திருப்பி, எஞ்சின் ஒரே சீராக ஓடும் இடத்தில் விடுங்கள். பிறகு வேகத் திருகாணியைச் சரிசெய்யுங்கள். எதையும் பார்க்காமல் வேகத்தை மட்டும் கூட்டிவிட்டால் நோய் மறையும், தீராது.

டீசல் வண்டியில் பொயின்ட், பிளக் தொல்லை கிடையாது. அங்கே முதல் சந்தேகம் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்று. அடுத்தது அடைபட்ட பில்டரும் தண்ணீரும். பில்டர் மாற்றினால் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். கணினி பூட்டிய புதிய வண்டிகளில் திருகாணியைத் தொடாதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கருவி வைத்திருக்கும் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

உயிருக்கு முதலிடம்

மேட்டில் வண்டி நின்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்னொருவரைக் கொண்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிறகு ஆட்களை இறக்குங்கள், பிள்ளைத்தாய்ச்சியையும் பிள்ளைகளையும் முதலில். பழைய லேண்ட் ரோவரின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பினால் அது பிடிக்காது. ஆகவே ஜாக் போடும்போதும் கல் அவசியம்.

இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிக்கவென்று எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. பவர் பிரேக், பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் எஞ்சின் அணைந்தால் இரண்டும் கனத்துவிடும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் பலமாக ஒரே மிதியாக மிதியுங்கள்.

குளிருக்காக மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு இருக்கிறது. பெற்றோலைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி லயக் காம்பராவில் வைக்காதீர்கள். வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். அடுப்பும் குப்பி விளக்கும் பக்கத்தில் இருந்தால் ஒரு நொடி போதும்.

வண்டியில் ஒரு கொப்பி வையுங்கள். எந்த நாள், எந்த இடத்தில் நின்றது, என்ன மாற்றினோம் என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது. கிழமைக்கு ஒரு தடவை, பெரட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கிக் கிண்ணத்தையும் வயர்களையும் பார்த்துவிட்டால், அவசர ராத்திரியில் ஜீப் நம்மைக் கைவிடுவது குறையும்.