'பை'யா, 'வித்'தா?

"கல்லால் மண்டை உடைந்தது."

அடிபட்டவர் சொல்கிறார். அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கல்லுக்கு முன்னால் 'பை' போடுவதா, 'வித்' போடுவதா?

எதைப் போட்டால் என்ன என்று நினைத்துவிடாதீர்கள்! 'பை எ ஸ்டோன்' என்றால், கல் தானாக உருண்டு வந்து தலையில் விழுந்திருக்கலாம். அது விபத்து. 'வித் எ ஸ்டோன்' என்றாலோ, கல்லை எடுத்து அடித்த ஆள் ஒருவன் இருக்கிறான். அது குற்றம். ஒரு சின்னஞ்சிறு சொல் வழக்கையே மாற்றிவிடுகிறது!

ஒரே உருபு, இரண்டு வேலை

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நம்முடைய 'ஆல்' உருபுதான். மான் வேடனாலும் சாகிறது, அம்பாலும் சாகிறது. வேடன் கருத்தா, அம்பு கருவி என்று நம் இலக்கணம் பிரித்துச் சொல்கிறது. ஆனால் உருபு ஒன்றே.

ஆங்கிலத்தில் வேடனுக்கு 'பை', அம்புக்கு 'வித்'. கத்தியால் நறுக்கினாலும், சாவியால் திறந்தாலும் 'வித்'தான்.

பிரயாணத்தில் மட்டும் கதை வேறு. பஸ்ஸில் போனால் 'பை பஸ்'. ரெயிலில் போனால் 'பை டிரெயின்'. 'என்னுடைய காரில்' என்றால் 'பை' போய்விடும்; 'இன் மை கார்' என்று ஆகிவிடும். நடந்து போகிறவருக்கு 'ஆன் ஃபுட்'. பேனாவால் எழுதினால் 'வித் எ பென்'. மையால் எழுதினால் 'இன் இங்க்'. செக் கொடுத்தால் 'பை செக்'. ரொக்கம் கொடுத்தால் 'இன் காஷ்'!

எதிரி நண்பனான கதை

பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்ற சொல்லுக்கு 'எதிராக' என்றுதான் முக்கியமான பொருள். 'உடன்' என்பதற்கு 'மிட்' என்ற சொல் இருந்தது. பிறகு 'வித்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 'மிட்' மறைந்தது, மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பெண்ணுடன் இருப்பவள்' என்று அதற்குப் பொருள்.

'வித்'தின் பழைய குணமும் அடியோடு போய்விடவில்லை. 'ஃபைட் வித்' என்றால் இன்றும் எதிர்த்துச் சண்டை போடுவதுதான். நாமும் "அவனோடு சண்டை" என்றுதானே சொல்கிறோம்?

சுலபமான வழி

'ஆல்' வரும் இடத்தில் 'கொண்டு' என்று போட்டுப் பாருங்கள். கல்லைக் கொண்டு ஒருவன் உடைத்தானா? 'வித்' போடுங்கள். கல்லே வந்து உடைத்ததா? 'பை' போடுங்கள்.

புகார் எழுதும்போது இதை மறந்துவிடக்கூடாது. அடித்தவன் தப்பிவிடுவான், பழி கல்லின்மேல் விழும்!