ஜாதியில்லாக் கோழியின் நீல முட்டை

அமெரிக்கப் புறக்கடைகளில் வண்ண முட்டை இடும் கோழிக்குக் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை

ஒரே கூடையில் ஒரு டஜன் முட்டை. இரண்டு வெளிர் நீலம், மூன்று பச்சை, ஒன்று பாசி படர்ந்த கல்லின் நிறம், மற்றவை பழுப்பும் வெள்ளையும். எதற்கும் சாயம் பூசவில்லை. ஈஸ்டர் பண்டிகைக்கு முட்டைக்கு வண்ணம் தீட்டுவது மேலை நாடுகளின் வழக்கம். அந்த வேலையைக் கோழியே செய்துவிடுவதால் அமெரிக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஈஸ்டர் எக்கர்'.

இது ஓர் இனத்தின் பெயர் அல்ல. நீல முட்டைக்கான மரபணு உடம்பில் இருக்கிறது. ஆனால் எந்த அங்கீகரிக்கப்பட்ட இனத்தின் லட்சணமும் முழுதாகப் பொருந்தவில்லை. அப்படிப்பட்ட கோழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரு பெயர். நாய் வளர்ப்பவர்கள் 'ஜாதி நாய்' என்கிறார்களே, அந்தக் கணக்கில் இது ஜாதியில்லாக் கோழி. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்க்கும் சாதாரணக் குடும்பங்கள் விரும்பி வாங்குவது இதைத்தான். 2022 முதல் பறவைக் காய்ச்சலால் அமெரிக்கப் பண்ணைகள் 10 கோடிக்கும் அதிகமான பறவைகளை இழந்தன. 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலரைத் தாண்டியது. கூடு கட்டிக் கோழி வளர்க்கும் ஆசை இன்னும் பல வீடுகளுக்குப் பரவியது.

நிறம் எங்கிருந்து வருகிறது? எல்லா முட்டை ஓடும் அடிப்படையில் வெள்ளைச் சுண்ணாம்புதான். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. பழுப்பு முட்டையில் கடைசிச் சில மணி நேரத்தில்தான் புரோட்டோபோர்ஃபிரின் என்ற நிறமி மேலே படிகிறது. சுவருக்கு அடித்த வெள்ளை மாதிரி. உடைத்தால் உட்புறம் வெளுப்பாகவே இருக்கும். நீலத்தின் கதை வேறு. பித்தநீருக்குப் பச்சை தரும் பிலிவெர்டின் என்ற நிறமி ஓடு வளரும்போதே அதில் ஊறிவிடுகிறது. உடைத்தால் உள்ளேயும் நீலம். நீல ஓட்டின் மேல் பழுப்புப் பூச்சு விழுந்தால் பச்சை. பிரான்சின் மரான்ஸ் கோழியைப் போல அடர் பழுப்பு முட்டையிடும் இனத்தோடு கலந்தால் ஆலிவ் நிறம்.

நீலத்துக்குக் காரணம் ஒரு பழைய வைரஸ் என்று 2013இல் வெளியான மரபணு ஆய்வுகள் காட்டின. என்றோ கோழியின் முதலாவது குரோமோசோமில் நுழைந்து தங்கிவிட்ட வைரஸின் துண்டு, பக்கத்திலிருந்த மரபணுவை ஓட்டுச் சுரப்பியில் விழிக்க வைத்துவிட்டது. சிலி நாட்டுக் கோழியிலும் சீனக் கோழியிலும் இது தனித்தனியே நடந்திருக்கிறது.

சிலியில் மபுச்சே பழங்குடியினர் வளர்த்த இந்தக் கோழிகளை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஸ்பெயின் நாட்டுக் கோழியியல் பேராசிரியர் சால்வதோர் காஸ்தெயோ. 1921இல் ஹேக் நகரில் நடந்த முதல் உலகக் கோழி மாநாட்டில் அவர் வர்ணித்தது: வால் கிடையாது, காதோரம் இறகுக் குஞ்சம், நீல முட்டை. 'அரௌகானா' என்ற பெயர் நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த உருவமே ஒரு கலப்பு. வாலில்லாத ஒரு வகையையும் குஞ்சமுள்ள இன்னொரு வகையையும் ரூபென் புஸ்தோஸ் என்ற சிலி நாட்டுக்காரர் சேர்த்து உருவாக்கியது. கலப்பில் பிறந்தது பிறகு 'தூய' இனமாகி, 1976இல் அமெரிக்கக் கோழிச் சங்கத்தின் லட்சணப் பட்டியலிலும் ஏறியது.

அந்தத் தூய்மைக்குக் கொடுக்கும் விலைதான் நெருடுகிறது. காதோரக் குஞ்சம் தரும் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றால் குஞ்சு பிழைக்கும். இருவரிடமிருந்தும் பெற்றால் பிழைக்காது. குஞ்சமுள்ள சேவலையும் பெட்டையையும் சேர்த்தால், கருக்கூடிய முட்டைகளில் நாலில் ஒன்று இப்படி மடியும். 21 நாளில் பொரிய வேண்டிய குஞ்சு, முழு உருவம் பெற்ற பின், கடைசிச் சில நாட்களில் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகிறது. வாலில்லாமை வேறு கருக்கூடுவதைக் குறைக்கிறது. குஞ்சமற்ற கோழியோடு சேர்த்து இந்தச் சாவைத் தவிர்ப்பவர்கள் உண்டு. ஆனால் கண்காட்சி லட்சணம் கேட்பது குஞ்சத்தைத்தான். முட்டையின் நிறத்துக்கும் இந்தச் சாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குஞ்சத்தையும் வாலின்மையையும் விட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்ட அமெரௌகானாவுக்கு 1984இல் அங்கீகாரம் கிடைத்தது. ஈஸ்டர் எக்கர் அந்த அங்கீகாரமும் கேட்காமல் நீல முட்டை இட்டுக்கொண்டிருக்கிறது.

நீலம் ஓங்கு பண்பு என்று கேம்பிரிட்ஜின் ஆர்.சி. பன்னெட் 1933இல் எழுதினார். இரண்டு பிரதி உள்ள சேவலை எந்தப் பெட்டையோடு விட்டாலும் மகள்கள் எல்லாம் நீலமோ பச்சையோ இடும். ஒரு பிரதிதான் என்றால் பாதிதான். சேவலைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது? அது முட்டையிடப் போவதில்லை. நீல மரபணுவுக்கு மிக அருகில் பட்டாணிக் கொண்டையின் மரபணு இருப்பதால், தாழ்ந்து தடித்த கொண்டையை வளர்ப்பவர்கள் அடையாளமாகக் கொள்கிறார்கள். அது பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல.

நீல முட்டையில் கொழுப்புச் சத்து குறைவு என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் விளம்பரம் செய்தார்கள். ஆய்வுகள் அதை மறுத்துவிட்டன. சிரிக்க நமக்கு உரிமையில்லை. பழுப்பு நிறம் என்றாலே நாட்டுக்கோழி முட்டை, சத்து அதிகம் என்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் நாம். வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து 'நாட்டு முட்டை'யாக விற்கும் மோசடி அந்த நம்பிக்கையில்தான் பிழைக்கிறது. கருங்கோழி கடக்நாத் கருப்பு முட்டை இடும் என்பதும் கதையே; அதன் முட்டை வெளிர் பழுப்பு.

கிராமத்துப் புறக்கடைக்கென்றே ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்ரியாவும் கலப்புக் கோழிகள்தான். பருந்தின் கண்ணை ஏமாற்றப் பல வண்ண இறகு. வாங்குபவர் விருப்பத்துக்காகப் பழுப்பு முட்டை. நாட்டுக்கோழியைவிடப் பல மடங்கு இடுகின்றன. ஆனால் அடைகாக்கும் குணம் அநேகமாகப் போய்விட்டது. அவற்றின் முட்டையை நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரித்தாலும் பிள்ளைகள் தாயைப்போல் இடுவதில்லை. ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைகொடுத்தே வாங்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் கிராமத்துப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. நாட்டுக்கோழி கொஞ்சமாக இட்டாலும் தானே அடைகாத்துத் தன் வம்சத்தை வளர்த்துக்கொள்ளும்.

ஈஸ்டர் எக்கரிடமும் இந்தச் சிக்கல் பாதி உண்டு. அடுத்த தலைமுறையில் நிறம் சிதறும். ஒரு கோழி ஆயுள் முழுக்க ஒரே நிறம்தான் இடும். சீசன் போகப்போகச் சாயல் வெளிறலாம், நீலம் பச்சையாக மாறாது. வானவில் கூடை வேண்டுமென்றால் கோழிகள் பல வேண்டும். பொரியும் குஞ்சுகளில் பாதி சேவல். பல அமெரிக்க ஊர்களில் வீட்டில் சேவல் வைக்கத் தடை. சால்மொனெல்லா கிருமி தொற்றும், கோழிக்கு முத்தம் கொடுக்காதீர்கள் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமே எச்சரித்திருக்கிறது.

பெட்டைக் குஞ்சு முதல் முட்டையிட ஆறேழு மாதம் ஆகும். என்ன நிறம் என்பது அன்று காலையில்தான் தெரியும்.